வாய்க்குப் பக்கத்தில் ஒரு கை

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என் அனுபவத்தைக் கேட்கிறீர்கள். சரி, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணாடி முன்னால் நின்று, குரல் எழுப்பாமல், ஆங்கிலத்தில் பாய்க்கு என்ன சொல்வோமோ அதைச் சொல்லுங்கள், மேட். அடுத்து கிரிக்கெட் மட்டையைச் சொல்லுங்கள், பேட். பிறகு முதுகில் செல்லமாகத் தட்டுவதற்குச் சொல்லும் இன்னொரு பேட். தமிழில் எழுதினால் பின்னது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை. மூன்று முறையும் உங்கள் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறந்திருக்கும். நமக்கு மூன்று சொல். நம் பிள்ளைகளுக்கு ஒரே சொல். இப்படி ஒரே சொல்லாகத் தெரிவதை வைத்துக்கொண்டுதான் "உதட்டைப் பார், உதட்டைப் பார்" என்று நாம் காலமெல்லாம் அவர்கள் உயிரை எடுத்தோம்.

ஓசை தெரியாத பிள்ளைக்கு எழுத்து என்பது வெறும் கோலம். ஒவ்வொரு சொல்லையும் ஒரு படமாக மனப்பாடம் செய்யும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பார்க்கிற அப்பா அம்மா பூரித்துப்போவார்கள். ஆனால் படிக்காத ஒரு புதுச் சொல்லைப் போட்டால் திருதிருவென்று விழிக்கும். என் வேலைக்காலம் முழுவதும் நான் மல்லுக்கட்டியது இந்த ஒன்றோடுதான்.

நான் பிறந்து வளர்ந்தது புனேயில், கட்கியில் அப்பாவின் பாக்டரி குவார்ட்டர்ஸில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கசார்வாடியில் ஒரு பள்ளியில் சேர்ந்து, இரண்டாயிரங்களில் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய கட்டடம். பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தகடு அடிக்கும் பட்டறை. இயந்திரத்தின் ஒவ்வொரு அடிக்கும் எங்கள் பெஞ்சு குதிக்கும். பிள்ளைகளுக்குத்தான் காது கேட்காதே, சத்தம் இருந்தால் என்ன போச்சு என்று நிர்வாகத்தில் யாரோ கணக்குப் போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் புத்திசாலி யாரென்று கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. காது மிஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தானே பெரிதாக்கும்? பிள்ளைகள் வகுப்புக்கு வந்ததும் மிஷினைக் கழற்றி டிபன் டப்பாவில் போட்டு மூடிவிடுவார்கள். நான் கண்டித்ததில்லை. எனக்கே மாலையில் தலை விண்விண்ணென்று தெறிக்கும்.

பள்ளியில் பெரும்பாலும் மராட்டி வகுப்புகள். வீட்டில் தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசும் பிள்ளைகளுக்காக ஓர் ஆங்கிலப் பிரிவு உண்டு. அதுதான் என் பொறுப்பு.

அந்த ஊரில் பெண் ஆசிரியரைப் பாயி என்பார்கள். தலைமையாசிரியை மோட்யா பாயி, அதாவது பெரிய டீச்சர். எங்கள் மோட்யா பாயி காட்டன் புடவையைக் கஞ்சி போட்டு விறைப்பாகக் கட்டுவார். பேச்சும் அதே விறைப்பு. காது கேளாதவர்களோடு வாழ்நாள் முழுக்கப் பேசிய தொண்டை, பட்டறைச் சத்தத்தையும் தாண்டும். அவருடைய பள்ளியில் ஒரே சட்டம்தான், பேசும்போது கையைக் கட்டு. கை பேச ஆரம்பித்தால் வாய் தூங்கிவிடும் என்பது அவர் கட்சி. மைதானத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் சைகையில் பேசிக்கொண்டு குதூகலமாக இருப்பார்கள், அவர் தலை தெரிந்ததும் எல்லாக் கையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். அவரைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். "என் பிள்ளை ஒருதடவை ஆயி என்று கூப்பிட்டால் போதும்" என்று, அம்மா என்ற அந்த ஒரு சொல்லுக்காக அழுத தாய்மார்களை எங்கள் எல்லோரையும்விட அதிகமாகப் பார்த்தவர் அவர்.

அப்படிப்பட்டவரிடம் போய் நான் கையைத் தூக்க அனுமதி கேட்டேன். மும்பையில் ஒரு பயிற்சி முகாமில் ஆங்கில ஓசைகளுக்குக் கை அடையாளம் காட்டும் முறையைக் கற்றுக்கொண்டு வந்திருந்தேன். இது சைகை மொழி அல்ல. சைகை மொழியில் சொல் இருக்கிறது, பொருள் இருக்கிறது, அது முழு மொழி. இது வெறும் ஓசை. உதட்டில் காற்று வெடித்து வந்தால் வாய்க்குப் பக்கத்தில் விரல்கள் படக்கென்று விரியும். தொண்டை அதிர்ந்தால் கை கழுத்துப் பக்கம் போகும். மூக்கில் வருகிற ஓசைக்கு விரல் மூக்கைத் தொடும். கண்ணாடி முன்னால் ஒன்றாகத் தெரிந்த அந்த மூன்று சொல்லும் இப்போது மூன்றாகத் தெரியும்.

மோட்யா பாயி முழுவதும் கேட்டார். "ஒரு வகுப்பு. கதவைச் சாத்திக்கொள். தாழ்வாரத்துக்கு வந்தால் கை கீழே," என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நிர்வாகம் ஆங்கிலப் பிரிவை மூடத்தான் பார்க்கிறது. அடுத்த வருஷக் கடைசியில் வெளியாள் ஒருவரை வைத்துச் சோதிப்பார்கள். பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் பெரியவர்களை எல்லாம் தையல் அறைக்கு அனுப்பிவிடுவார்கள்," என்றார்.

பெரியவர்கள் என்றால் முதல் ஆள் எழிலரசி. வகுப்பிலேயே மூத்தவள், நெட்டையாக வளர்ந்து பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பாள். அப்பாவுக்குத் தேகு ரோட்டில் ராணுவ டிப்போவில் வேலை, ஆரணிப் பக்கத்துக் குடும்பம். விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைப் பார்க்க வந்தார்.

"டீச்சர், பொண்ணு டாக்டராவணும்னு நான் கேக்கல. ரயில் போர்டு, மருந்து சீட்டு, வூட்டுக்கு வர்ற காயிதம், இதெல்லாம் அதுவே படிச்சுக்கணும். அவ்ளோதான்."

"தையல் ஒண்ணும் மட்டமான வேலை இல்லீங்களே," என்றேன், அவரை ஆழம் பார்க்க.

"யாரு மட்டம்னா? கத்துக்கட்டும். ஆனா வேற எதுக்கும் லாயக்கில்லன்னு அங்க தள்ளக் கூடாதுல்ல?"

இந்த ஒரு பெண் விஷயத்தில் மட்டும் தோற்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதல் சில மாதங்கள் அமோகமாகப் போயின. நான் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவேன், பிள்ளைகள் சரளமாகச் சொல்வார்கள். புதுச் சொல் போட்டாலும் சொல்வார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மும்பையில் பயிற்சி கொடுத்தவர்களுக்கே நான் பாடம் எடுக்கலாம் என்று தோன்றியது.

ஒருநாள் காலையில் கதவு திறந்தது. மோட்யா பாயி உள்ளே வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒருவர் விடாமல் படித்தார்கள். நான் பெருமையோடு நின்றேன். அவர் எழுந்து போய்விட்டு, சாலையோரக் கடையின் கண்ணாடி டம்ளர்களில் கொதிக்கக் கொதிக்க டீயோடு திரும்பி வந்தார். ஒரு கையில் ஒன்று, மற்றொரு கையில் இன்னொன்று.

"இதைப் பிடி," என்றார். வாங்கினேன்.

"இதையும் பிடி." அதையும் வாங்கினேன்.

"இப்போது படிக்கச் சொல்."

வகுப்பு கப்சிப்பென்று ஆகிவிட்டது. ஒரு பிள்ளைகூடக் கரும்பலகையைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் என் இரண்டு டம்ளர்கள்மேல். எழில் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, கையைத் தூக்குங்கள் டீச்சர் என்று ஜாடை செய்தாள். எனக்கு விரல் சுட்டது ஒரு பக்கம், மனசு சுட்டது ஒரு பக்கம். இத்தனை மாதமும் பிள்ளைகள் எழுத்தைப் படிக்கவே இல்லை. அவர்கள் படிப்பதற்கு ஒரு நொடி முன்னால், எனக்கே தெரியாமல் என் கை அந்தச் சொல்லைக் காட்டியிருக்கிறது. என் கையைத்தான் படித்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள், அன்றைக்கே அவர் என் வகுப்பை இழுத்து மூடியிருக்கலாம். கையால் வந்த கேடு என்று அவர் இத்தனை வருஷம் சொல்லிவந்ததற்குச் சாட்சி கையில் டம்ளரோடு நிற்கிறது. அவர் அதைச் செய்யவில்லை. "முறை சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கை தப்பான ஆளிடம் இருக்கிறது," என்றார். பிறகு ஒரு டம்ளரை என்னிடமிருந்து வாங்கித் தான் குடித்தார். மற்றதை என்னைக் குடிக்கச் சொன்னார்.

தனக்கு ஒப்பாத முறையை உட்கார்ந்து கவனித்து, அதில் எங்கே கோளாறு என்று அதன் பக்கம் நின்று சொன்ன மனுஷி அவர். அந்த டீக்கு நான் பட்ட கடன் தீராது. உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் முறையைப் புகழ்கிறவர்களை வகுப்புக்குக் கூப்பிடாதீர்கள். அதில் நம்பிக்கை இல்லாதவர் ஒருவரைக் கூப்பிட்டுக் கடைசிப் பெஞ்சில் உட்கார வையுங்கள்.

மறுநாளிலிருந்து என் ஒரு கையில் சாக்பீஸ், மறு கையில் டஸ்டர். படிக்கும் பிள்ளையின் கை மட்டும் வாய்க்குப் பக்கத்தில் போகும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, கையால் ஓசையைக் காட்டி, ஓசைகளைக் கோத்துச் சொல்லைப் பிடிக்க வேண்டும். எவ்வளவு சரளமாகப் போய்க்கொண்டிருந்த வகுப்பு! இப்போது குட்டிக் குட்டிச் சொல்லுக்கே தடவியது. பெற்றோர்கள் புகார் சொன்னார்கள். எழில் ஒருநாள் புத்தகத்தை வீசி எறிந்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்த நாட்களில்தான் அவர்கள் உண்மையிலேயே படிக்க ஆரம்பித்தார்கள்.

இந்தச் சமயத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. எனக்கு வாயில் பஸ் என்பது 'பஸ்ஸு' என்றுதான் வரும், புக் என்பது 'புக்கு'. கட்கியில் வளர்ந்தாலும் வீட்டுத் தமிழ் விடுமா? ஓசையைச் சொல்லிக்கொடுத்தபோது கையும் வஞ்சனை இல்லாமல் அந்தக் கடைசி 'உ'வையும் சேர்த்துக் காட்டியிருக்கிறது. என் பிள்ளைகள் எல்லோரும் பஸ்ஸு, புக்கு என்றே கையால் பேசினார்கள். மோட்யா பாயி அதைக் கண்டுபிடித்த அன்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "காது கேளாத பிள்ளைக்கும் மதராசி ஆங்கிலம் கற்றுக்கொடுத்த ஒரே ஆள் நீதான்," என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எழிலின் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மகளைத் தினமும் லோக்கல் ரயிலில் கூட்டிவருவார். பகலில் ரயில் குறைவு என்பதால் வீட்டுக்குப் போகாமல் பள்ளி விடும்வரை தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருப்பார். கீரை ஆய்வார், பூண்டு உரிப்பார். வகுப்பறைச் சுவரில் காற்றுக்காக வைத்த, ஓட்டை ஓட்டையான சிமெண்ட் ஜாலி அவர் தலைக்கு நேர் மேலே. எழுந்து நின்றால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். இதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தாழ்வாரத்துக்கு வந்தால், அம்மா மகளைத் திட்டிக்கொண்டிருக்கிறார். "சோறு அப்டியே கீது. சாப்புடு!" என்கிறார், கை வாய்க்குப் பக்கத்தில் ஓசை ஓசையாகப் போகிறது. ஆங்கிலத்துக்கென்று நான் சொல்லிக்கொடுத்த அடையாளங்கள், அதில் சுத்தமான ஆரணித் தமிழ். எழில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதே மாதிரி கையை வைத்து, "வேணாம்" என்றாள். அம்மாவும் மகளும் சண்டை போடுகிறார்கள்! எல்லா வீட்டிலும் நடக்கிற அந்தச் சண்டையை அவர்கள் வீட்டில் அதுவரை போட முடிந்ததில்லை. நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவரிடம் பிறகு கேட்டேன், "ழ-வுக்கு என்ன பண்றீங்க? இங்கிலீஷ்ல அந்தச் சத்தம் கிடையாதே."

ஆட்காட்டி விரலை உள்பக்கமாக மடித்துக் காட்டினார், நாக்கு மடிவதுபோல. "நானே வெச்சிக்கினேன் டீச்சர். எம்பொண்ணு பேர்லயே கீற எழுத்து. அத வுட்டுட்டா எப்டி?"

மராட்டி ஆசிரியைகள் எல்லோரும் அவளை 'எலில்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வாரத்திலிருந்து காது கேளாத என் வகுப்புப் பிள்ளைகள் அவள் பெயரைப் பிசகில்லாமல் கையால் சொன்னார்கள். கை கீழே என்ற தாழ்வாரச் சட்டம் அம்மா விஷயத்தில் செல்லுபடியாகவில்லை. மோட்யா பாயி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்தபடி போய்விடுவார்.

சோதனை நாள் வந்தது. ஒரு புதன்கிழமை. நிர்வாகம் அனுப்பியவர் ஓய்வு பெற்ற ஆங்கிலப் பேராசிரியர், சிஞ்ச்வட்டில் வீடு. மரியாதையான மனிதர். அக்குளில் அன்றைய ஆங்கிலப் பேப்பரை மடித்து இடுக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். முதலில் வகுப்பு முழுவதும் பாடப்புத்தகத்தைப் படித்தது. பிள்ளைகளின் கைகள் வாயோரம் போவதைப் பார்த்துப் பார்த்து அவர் நெற்றி சுருங்கியது. எனக்கு விஷயம் புரிந்தது. பரீட்சையில் ஜாடை காட்டுகிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பிடித்தவர். இது ஏதோ டீச்சரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்கிற தில்லுமுல்லு என்று நினைக்கிறார்.

புத்தகத்தை மூடினார். "இது மனப்பாடமாக இருக்கலாம். மூத்த பெண் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் வெளியே போகலாம். டீச்சர், நீங்களும்."

வாதாடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வாதாடினால் நான் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்று ஆகிவிடும். அதைவிடப் பெரிய சாட்சி அவருக்கு வேண்டியதில்லை. சாக்பீஸையும் டஸ்டரையும் மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தேன். எழில் என்னையே பார்த்தாள். தைரியமாக இரு என்று ஒரு கையசைவு, ஒரு தலையாட்டல், எதுவும் காட்டவில்லை. அப்படிப் போனது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியும். மோட்யா பாயி மட்டும் உள்ளே இருந்தார்.

தாழ்வாரத்தில் எழிலின் அம்மா ஜாலி ஓரம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நானும் போய் நின்றேன். உள்ளே அந்தப் பெரியவர் பேப்பரைப் பிரித்து, பெரிய செய்திகளை எல்லாம் தாண்டி, ஓரத்தில் கட்டம் கட்டிய ஒரு சின்னச் செய்தி தெரியும்படி மடித்து எழில் முன்னால் வைத்தார். அவள் குனிந்தாள். கை வாய்க்குப் பக்கத்தில் போயிற்று.

"கையைக் கீழே வை," என்று அவளுடைய கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தார். முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் வைத்துவிட்டார்.

அது எழிலுக்குத் தெரிந்த கட்டளைதான், பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரும் சொன்னது. இரண்டு கையையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டாள். உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு நின்றுவிட்டது. பட்டறை இயந்திரம் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கண் முதல் வரியிலேயே சிக்கிக்கொண்டதை எங்களால் பார்க்க முடிந்தது.

என் பக்கத்தில் அம்மாவின் கை மேலே எழும்பியது, ஜாலியின் ஓட்டையை நோக்கி. நான் அதைப் பிடித்தேன்.

"வுடு டீச்சர். ஒரே ஒரு சத்தம். மொத சத்தம் மட்டும் காட்டிடறேன்."

"வேண்டாம்மா."

"தையல் ரூம்ல போட்டுடுவாங்க டீச்சர்."

"இப்ப நீங்க காட்டினா நிச்சயமாப் போட்டுடுவாங்க. அவளே படிப்பா."

படிப்பாள் என்று எனக்கு ஒரு நிச்சயமும் இல்லை. கீரை வாசம் அடித்த அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார், பலமான கை. அவருக்கு என்மேல் வந்த கோபம் நியாயமான கோபம்.

அப்போது உள்ளே இருந்து மோட்யா பாயியின் குரல் கேட்டது. பட்டறையைத் தாண்டும் அதே குரல்.

"உங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள்."

பெரியவர், "என்ன?" என்றார்.

"கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தச் செய்தியை நீங்கள் படியுங்கள். நீங்கள் படித்துவிட்டால் அவளும் கையை இறக்கியே படிக்கட்டும்."

"மேடம், இந்தப் பள்ளியில் கையைக் கட்டிக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது உங்கள் சட்டம் என்று நிர்வாகத்தில் சொன்னார்கள்."

"ஆமாம், என் சட்டம்தான். இந்த வகுப்பைப் பார்க்கும்வரை வேறு மாதிரி எனக்குத் தெரியாது. அந்தக் கை யாருக்கும் ஜாடை சொல்லவில்லை. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்."

ஜாலிக்கு வெளியே நின்று நான் அழுதேன். வெட்கம் என்ன இதில்? தான் காலமெல்லாம் கட்டிக் காத்த ஒரு சட்டத்தை, ஒரு பெண்ணுக்காக, வெளியாள் முன்னால் அவர் அவிழ்த்து வைத்தார். என் வேலைக்காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய கொடுப்பினை எதுவென்று கேட்டால் அந்தக் குரலைக் கேட்டதுதான் என்பேன். நம்மோடு ஒத்துப்போகிறவர்கள் நமக்காகப் பேசுவது பெரிய காரியமில்லை.

பெரியவரின் கை தன் மூக்குக்கண்ணாடிவரை போய்த் திரும்பியது. பிறகு எழிலைப் பார்த்து, சரி, என்பதுபோலத் தலையை அசைத்தார். மோட்யா பாயி எழிலின் கையை எடுத்து அவள் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

எழில் படித்தாள். மோட்யா பாயி நடுவில் நின்றதால் எங்களுக்குக் கை முழுவதும் தெரியவில்லை, முழங்கை அசைவது மட்டும் தெரிந்தது. மெதுவாக, விட்டு விட்டு. ஓர் இடத்தில் நின்றாள், திரும்ப ஆரம்பித்தாள், மறுபடி நின்றாள். அந்தச் சொல்லை மூன்றாவது தடவை கையால் கோத்தபோது அவள் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. பிறகு வேகமாகப் போனாள், விரலை வரியின்மேல் ஓட்டிக்கொண்டு. பெரியவர் அடுத்த செய்தியைக் காட்டுவதற்காகப் பேப்பரை எடுக்கப் போனார். எழில் அதற்குள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சோதனையை அப்படியே விட்டுவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்கு ஓடிவந்தாள்.

என்னை அவள் பார்க்கவே இல்லை. நேராக அம்மாவிடம் போய், தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்கு. தண்ணி. வராது. பம்ப் ரிப்பேர்."

குரல் மற்றவர்களுக்குப் புரிந்திருக்காது. கை தெளிவாக இருந்தது. பேப்பரில் வியாழக்கிழமை என்றுதான் போட்டிருந்தது, அதை அவளே நாளைக்கு என்று மாற்றியிருந்தாள். ரிப்பேர் அம்மா வாயில் தினமும் புழங்குகிற சொல். அதைத்தான் மூன்று தடவை கோத்துப் பிடித்திருக்கிறாள். தேகு ரோடு என்று கடைசியில் இருந்தது, அது தினமும் ரயிலில் பார்க்கிற பெயர்ப்பலகை.

"ஐயோ, டிரம்மு காலியா கீதேடி!" என்றார் அம்மா. என்மேல் இருந்த கோபம், சோதனை, தையல் அறை எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. "டீச்சர், அடுத்த ரயிலு எத்தினி மணிக்கு?"

பெரியவர் பேப்பரோடு வெளியே வந்தார், பின்னால் மோட்யா பாயி. "அந்தப் பெண் என்ன சொல்கிறாள்?" என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அந்தக் கட்டத்தைத் தாமே முதல் தடவையாகப் படித்தார். விரல் ஊர்ப் பெயர்கள்மேல் நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது.

"சிஞ்ச்வட்டும் இருக்கிறதே," என்றார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு போன் உண்டு. அங்கே வேகமாகப் போய் வீட்டுக்குச் சுழற்றினார். தொட்டி, குடம், இருக்கிற பாத்திரம் எல்லாவற்றிலும் இன்றைக்கே பிடித்து வைக்கச் சொன்னார். யார் சொன்னது என்று மனைவி கேட்டிருக்க வேண்டும்.

"இங்கே ஒரு பெண் படித்துச் சொன்னாள்," என்றார்.